பெயர் கழுவிய தட்டு

இப்போதெல்லாம் யாரும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. எங்கே போகிறாய் என்று கேட்டால் "இதோ வந்துடறேன்" என்கிறார்கள். பையில் என்ன என்று கேட்டால் "சும்மாதான்" என்கிறார்கள். சும்மாவை யாராவது பையில் போட்டுத் தோள் இறங்கத் தூக்கிக்கொண்டு போவார்களா? கூப்பிட்டால் திரும்புவதில்லை, காதில் எதையோ செருகியிருக்கிறார்கள். திரும்பினாலோ சிரிக்கிறார்கள். காரணமில்லாமல் சிரிக்கிற ஆளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று டார்ச்சுக்கு இந்த வயது வரைக்கும் பிடிபடவில்லை.

டார்ச் என்பது பட்டப்பெயர். பழைய வண்டிகளைப் பிரித்து உதிரி விற்கிற முற்றத்தில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவர். பட்டப்பகலில் கையில் டார்ச் லைட்டோடு திரிவார். ஒரு வண்டி உள்ளே வந்தால் அதன் அடியில் படுத்து ஒளியடித்துப் பார்ப்பார். கொண்டுவந்த ஆளின் முகத்திலும் ஒரு தடவை அடித்துப் பார்ப்பார். எஞ்சின் நம்பரை அரம் போட்டுத் தேய்த்திருந்தால் அந்த வண்டியைத் தொடமாட்டார். பேர் தேய்ந்த பொருளுக்கு வேறெங்கோ ஒரு சொந்தக்காரன் உட்கார்ந்து வயிறெரிந்துகொண்டிருக்கிறான் என்பது அவர் கணக்கு.

இன்னொரு பழக்கமும் அங்கே வந்ததுதான். வாங்கின சாமானை வீட்டில் வைத்துக்கொண்டு, தன்னிடமிருந்த செத்த சாமானைக் கொண்டுவந்து "ஓடல, மாத்திக் குடு" என்று நிற்கிறவர்கள் உண்டு. அதனால் முற்றத்தைவிட்டு வெளியே போகிற ஒவ்வொன்றிலும், யாரும் பார்க்காத ஓர் இடத்தில், இரும்பில் கோடு கிழிக்கிற ஊசியால் மூன்று புள்ளி வைத்துவிடுவார். திரும்பி வந்ததில் புள்ளி இல்லையென்றால், "எந்தக் கடையில வாங்கினியோ அங்கயே போப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

வேலையை விட்டு, மனைவியும் போய்ச் சேர்ந்தபின் ஒரே மகளின் வீட்டுக்கு வந்தார். டார்ச்சும் வந்தது, ஊசியும் வந்தது. அவருடைய டம்ளர், நாற்காலி, கைத்தடி, பல்செட் போடுகிற டப்பா, சீப்பு எல்லாவற்றிலும் மூன்று புள்ளி.

"அப்பா, சீப்புக்கு எதுக்குப்பா அடையாளம்?" என்று மகள் கேட்டாள். "இந்த வீட்டுல வழுக்கைத் தலை நீங்க ஒருத்தர்தான். அதை எடுத்துட்டுப் போய் யார் என்ன பண்ணப் போறா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? எடுக்கறவனைத்தான் கேக்கணும்."

மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மருமகன் செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறவர். மெழுகில் அச்செடுத்து, செதுக்கி, தேய்த்து, பளபளப்பாக்குவார். டார்ச்சின் வாயில் இருப்பதும் அவர் கைவேலைதான். நேரில் "மாப்பிள்ளை" என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும் மனசுக்குள் டார்ச் அவருக்கு வைத்த பெயர் பல்லுக்காரன். ஆள் மெதுவாகப் பேசுவார், குரலே உயராது, எதற்கெடுத்தாலும் சிரிப்பார். வாய்க்குள் விரலை விட்டு அளவெடுத்தபோதுகூடச் சிரித்தார். அன்றைக்கே டார்ச்சின் மனசில் ஒரு புள்ளி விழுந்துவிட்டது.

அந்தப் புள்ளி பெரிதானது ஒரு சனிக்கிழமை. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனால், பல்லுக்காரன் பாத்திரம் கழுவும் தொட்டியில் குனிந்து நிற்கிறார். கையில் கறுப்பாக, வட்டமாக, முறம் அகலத்துக்கு ஒன்று. அதன் நடுவில் ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு, பல் கூடத்திலிருந்து கொண்டுவந்த மெழுகுக் கத்தியால் எதையோ அலுங்காமல் சுரண்டுகிறார்.

"என்ன மாப்பிள்ளை, தட்டு கழுவறீங்களா?"

பல்லுக்காரன் திடுக்கிட்டுத் திரும்பினார். "பாட்டுத் தட்டு மாமா. பழைய ரெக்கார்டு."

"நடுவுல காகிதத்துல பேரு போட்டிருக்குமே?"

"அதைத்தான் எடுத்துட்டிருக்கேன்."

"பேரை ஏன் எடுக்கணும்?"

பல்லுக்காரன் சிரித்தார். "சும்மாதான் மாமா."

டார்ச் தண்ணீர் குடிக்காமலே திரும்பினார். கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். எஞ்சினாக இருந்தால் என்ன, பாட்டாக இருந்தால் என்ன, பேரைச் சுரண்டுகிற கை ஒரே கைதான். பழைய ரெக்கார்டுக்கு இப்போது ஏகப்பட்ட கிராக்கி என்று முற்றத்தில் பேசிக் கேட்டிருக்கிறார். எங்கிருந்தோ தூக்கி வருகிறான், வீட்டில் வைத்துப் பேரைக் கழுவுகிறான், ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வருகிறான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளுக்கு டூட்டி. அவள் படியிறங்கின கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இவன் கனமான பையோடு கிளம்பி, பொழுது சாயத்தான் வருகிறான். பல மாதமாக நடக்கிறது. அவளுக்குத் தெரிந்தால் உடைந்துபோய்விடுவாள். தெரியாமலே ஒருநாள் வாசலில் போலீஸ் வந்து நின்றால் அதைவிட மோசம். ஆஸ்பத்திரி வேலை போகும், மானம் போகும். அவருக்கென்று இருப்பது அந்த ஒருத்திதான்.

அன்று சாப்பிடும்போது, பல்லுக்காரன் எழுந்து போன சமயம் பார்த்து மகளிடம் பேச்சை எடுத்தார்.

"உன் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை எங்க போறார்னு தெரியுமா உனக்கு?"

மகள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "ஃப்ரெண்டைப் பார்க்கப்பா."

"எந்த ஃப்ரெண்டு?"

"பழைய ஃப்ரெண்டு."

"அவ்வளவு கனமான பையில என்ன கொண்டு போறார்?"

"சும்மாதான்ப்பா."

டார்ச் பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தார். அதே வார்த்தை. அவளுக்கும் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறான். எவ்வளவு நம்பியிருந்தால் புருஷன் சொன்னதை அச்சு மாறாமல் ஒப்பிப்பாள்!

மறுநாள் பல்லுக்காரன் குளிக்கப் போன நேரத்தில் அலமாரியைத் திறந்து பையை எடுத்தார். மேலே ஒரு துண்டு. அதன் கீழே மாற்றுச் சட்டை. ஏன் மாற்றுச் சட்டை? போகும்போது ஒருவன், வரும்போது வேறொருவன் என்று காட்டத்தானே! அடுத்து ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ. புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. தடம் விழாது. சின்ன டப்பாவில் மஞ்சளாக நுரைப்பஞ்சுக் குச்சிகள், காதில் செருகிக்கொள்கிற ஜாதி. அதற்கும் கீழே ஒரு தகர டின். திறந்தார். உள்ளே வெள்ளைப் பொடி.

டார்ச் டின்னைக் கண்ணருகே கொண்டுபோனார். லைட்டை அடித்துப் பார்த்தார். விரலால் தொட்டு மோந்தார். கைக்குழந்தைக்குப் பூசுகிற பவுடர் வாசனை. அதுதான் தந்திரம். எவன் மோந்து பார்த்தாலும் பிள்ளை ஞாபகம் வந்து விட்டுவிடுவான்.

அடியில் தட்டுகள், வெள்ளை உறைகளில். சிலவற்றின் நடுவில் வெற்றுக் காகிதம் வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தது. ஒன்றில் மட்டும் காகிதமே இல்லை, நேற்றுச் சுரண்டியது. அதை உருவினார். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்தார். இந்தத் தட்டு எந்தக் கடைக்குப் போனாலும் தேடிப் போய், "இது என் வீட்டிலிருந்து வந்தது, இதோ அடையாளம்" என்று சொல்ல வேண்டும். எங்கே வைக்கலாம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டு முழுக்க நூல் நூலாகக் கோடு. இத்தனை கோட்டுக்கு நடுவில் மூன்று புள்ளி எவன் கண்ணுக்குத் தெரியப்போகிறது? நல்ல ஆழமாக, அழுத்தி, மூன்று வைத்தார்.

அன்று மதியம் மகள் டூட்டிக்குக் கிளம்பினாள். பிறகு பல்லுக்காரன் கிளம்பினார். பிறகு டார்ச் கிளம்பினார்.

ஒரே பஸ்தான். பல்லுக்காரன் முன்பக்கம், டார்ச் பின்பக்கம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்குச் செய்தித்தாள் ஒரு திரைச்சீலையாகத்தான் பயன்பட்டது. டயர் கிடங்குகள் வரிசையாக இருக்கும் தெருவில் பல்லுக்காரன் இறங்கி, ஒரு கிடங்கின் பக்கவாட்டு இரும்புப் படியில் ஏறினார். மாடியில் ஷட்டில் ஆடுகிற கூடம் என்று பலகை சொன்னது. ஆனால் படியேறிய யார் கையிலும் மட்டை இல்லை. எல்லார் தோளிலும் பை.

எதிர்ப்புறம் நின்று டார்ச் ஆட்களை அளந்தார். திருட்டுக் கூட்டம் என்றால் இளவட்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இது முட்டிவலிக் கூட்டம். முழங்காலில் உறை மாட்டிய ஓர் அம்மாள், தொப்பை சட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கிற ஓர் ஆள், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட இன்னொருவர். பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள் போலிருந்தது. அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். ஜன்னல்களை உள்ளேயிருந்து கறுப்புத் துணியால் மூடியிருந்தது. பகலில் இருட்டு செய்கிறவனுக்கு என்ன வேலை இருக்கும்?

படியேறினார். வாசலில் ஒரு பெண் ரப்பர் முத்திரையோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க ஐயா, கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"முத்திரைக்கு. வெளிய போயிட்டு வந்தாலும் உள்ள விடுவோம்."

"உள்ள விடறது இருக்கட்டும். வெளிய விடுவீங்களா?"

அவள் சிரித்தாள். இவளும். "டிக்கெட் வேண்டாம் ஐயா. உங்க வயசுக்காரங்களுக்குச் சும்மாதான்."

அந்த வார்த்தை இங்கேயும் வந்துவிட்டது. பல்லைக் கடித்தபடி மணிக்கட்டை நீட்டினார்.

கதவைத் திறந்ததும் சத்தம் நெஞ்சில் வந்து மோதியது. டும், டும், டும், டும். நடுநடுவே கரண்டியால் மூடியைத் தட்டுகிற மாதிரி ஒரு சில்லென்ற ஓசை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. வாயில் இருந்த பல்செட் மேலும் கீழும் கிடுகிடுவென்று ஆடியது. 'வேலையைக் காட்டிட்டான் பல்லுக்காரன்' என்று மனசுக்குள் சொல்லி, பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

கண் இருட்டுக்குப் பழகியதும் பல்லுக்காரன் தெரிந்தார். கூடத்தின் ஒரு மூலையில் நின்று, அந்த டின்னைத் திறந்து, வெள்ளைப் பொடியைத் தரையில் தூவிக்கொண்டிருந்தார். விற்கவில்லை, முகரவில்லை. கோலமாவு மாதிரி தூவினார். தூவிவிட்டு அதன்மேல் காலை வைத்தார். வைத்த கால் வழுக்கிக்கொண்டு போனது, உடம்பு அதன் பின்னால் போனது, ஒரு சுற்றுச் சுற்றி நின்ற இடத்துக்கே திரும்பி வந்தது. முழங்கால் உறைக்கார அம்மாள் எதிரில் வந்து அதையே செய்தாள். குரல் உயராத, வீட்டில் செருப்புச் சத்தம்கூடக் கேட்காத அந்த மனுஷன், தோளை உலுக்கி, கண்ணை மூடி, வேர்த்து விறுவிறுத்து ஆடிக்கொண்டிருந்தார். வழவழ ஷூவும், மாற்றுச் சட்டையும், காதுப் பஞ்சும் எதற்கென்று டார்ச்சுக்குப் புரிந்தது. புரிந்ததும் எரிச்சல்தான் வந்தது. இதற்காகவா ஒரு மனுஷன் திருடனைப் போல ஒளிந்து வருவான்? இதற்குள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

தட்டு விற்கிற இடம் எது என்று தேடினார். கோடியில் ஒரு மேஜை, அதன்மேல் ரெக்கார்டு சுற்றுகிற பெட்டி இரண்டு, குட்டி விளக்கு ஒன்று. மேஜைக்குப் பின்னால் ஒரு பெண், ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துத் தோளால் அழுத்திக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றாள். வந்த எஞ்சினை ஓடவிட்டு, எந்த இடத்தில் தட்டுகிறது என்று காது வைத்துக் கேட்பது போல. அந்தச் சாய்வை அவருக்குத் தெரியும். அது அவருடையது.

மகள்.

ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருக்க வேண்டியவள். ஒரு பழைய பனியனும் கேன்வாஸ் ஷூவுமாக நிற்கிறாள். டார்ச் கையிலிருந்த லைட்டைத் தன்னை அறியாமல் எரியவிட்டிருந்தார். அதன் வெளிச்சம் அவர் செருப்பின்மேலேயே விழுந்து கிடந்தது.

அவள் பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். நடுவில் காகிதம் இல்லாத தட்டு. ஓரத்தை மட்டும் உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்து, ஈரக் குழந்தையைத் தொட்டியிலிருந்து தூக்குகிற பதத்தில் தூக்கி வைத்தாள். ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்கு அடியில் புதுப்பாட்டு நுழைந்தது. அதிலிருந்து முதல் கைத்தட்டல் ஓசை கேட்டதுமே கூடம் "ஓ" என்று கத்தியது. பியானோ கட்டை கட்டையாக விழுந்தது. அதன்மேல் ஒரு பெண்குரல், மொட்டைமாடியிலிருந்து தெருவில் போகிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, ஏறி, இன்னும் ஏறி, உச்சத்துக்குப் போகப் போன இடத்தில்,

டக்.

குரல் படியில் இடறி ஒரு படி கீழே வந்தது. மறுபடி ஏறியது. டக். மறுபடி கீழே. அதே துண்டு, அதே கைத்தட்டல், டக். டார்ச்சுக்கு விளங்கிவிட்டது. ஆழமாக அழுத்தி வைத்த மூன்று.

ஆனால் கூடத்துக்கு விளங்கவில்லை. வேண்டுமென்றே நிறுத்தி விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டது. கைகள் எல்லாம் மேலே போயின. ஒவ்வொரு இடறலுக்கும் காலால் தரையை உதைத்துக் கூச்சல் போட்டார்கள். தொப்பைக்காரர் குதிக்கவே ஆரம்பித்துவிட்டார். மகளின் முகம் மட்டும் வெளுத்திருந்தது. அவள் தட்டின்மேல் ஓடுகிற ஊசியின் பக்கம் கையைக் கொண்டுபோனாள், தொடவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர்களைத் தவிக்கவிட்டு, விரல் நுனியால் ஒரு தள்ளு தள்ளினாள். குரல் தாண்டி உச்சத்துக்குப் போய் உடைந்தது, நின்றுபோயிருந்த மத்தளம் முழுசாக வந்து விழுந்தது. தகரக் கூரை ஒரு தடவை எழும்பி உட்கார்ந்த மாதிரி இருந்தது டார்ச்சுக்கு.

பாட்டு முடிந்ததும் அவள் வேறொன்றை ஓடவிட்டு, அந்தத் தட்டை எடுத்து விளக்கில் சாய்த்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த மூன்று புள்ளியைத்தான் டம்ளரிலும் சீப்பிலும் தினம் பார்க்கிறாளே. தலையை நிமிர்த்தி இருட்டில் தேடினாள். மொத்தக் கூடத்திலும் செருப்புக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டு நின்றது ஒரே ஓர் ஆள்.

புருஷனைக் கூப்பிட்டு மேஜையில் நிறுத்திவிட்டு, தட்டோடு வந்து, அப்பாவின் முழங்கையைப் பிடித்து வெளியே இரும்புப் படிக்குக் கூட்டிவந்தாள். கதவு மூடியதும் சத்தம் பாதியானது. அவர் திரும்பி நின்று பல்லை மாட்டிக்கொண்டார்.

"இது நீங்கதானே?"

"திருட்டுச் சாமான்னு நெனச்சேன்."

"யார் திருடினதாம்?"

டார்ச் கட்டைவிரலால் கதவைக் காட்டினார். மகளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

"அவர் பை தூக்கறதோட சரிப்பா. தட்டு எல்லாம் என்னோடது. கல்யாணத்துக்கு முன்னாடியே என்னோடது."

"நம்ம பழைய வீட்டுலயா? எங்க வெச்சிருந்த?"

"தையல் மெஷின் மூடிக்குள்ள."

"கட்டிலுக்கடியில பார்த்தேன். பரண்ல பார்த்தேன். அலமாரி பின்னாடிகூட லைட் அடிச்சுப் பார்த்தேன்."

"தெரியும். அதனாலதான் அங்க வெச்சேன்."

"அப்ப நீ போயிட்டிருந்த அந்தத் தையல் கிளாஸு?"

"நான் ஒரு பட்டன் தைச்சு என்னிக்காவது பார்த்திருக்கீங்களா? தையல் கிளாஸ்னு சொல்லிட்டு ஆடப் போவேன். அங்கதான் இவரைப் பார்த்தேன். கல்யாணத்துக்கப்புறம், நீங்க இங்க வர்ற வரைக்கும், ஒளிக்காமத்தான் போயிட்டிருந்தோம். அப்ப வாசல்ல நின்னு பையைக் காட்டுன்னு கேக்க ஆள் இல்ல."

டார்ச் படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையைப் பிடிக்க வந்தால் மகள் மாட்டுகிறாள். அதுவும் இன்று நேற்றல்ல. இத்தனை காலம் டார்ச் அடித்த வீட்டில், அவர் மூக்குக்குக் கீழே, ஒரு மெஷின் மூடிக்குள்.

"என்ன பாட்டுடி இது? டும்முன்னு ஆரம்பிக்குது, டும்முன்னு முடியுது. நடுவுலயும் டும்முதான்."

"ஹவுஸ் மியூசிக்ப்பா. பழைய ஹவுஸ்."

"வீட்டுப் பாட்டுன்னா வீட்டுல உட்கார்ந்து கேக்கலாமே."

"கேக்கலாம். கட்டிலுக்கடியில லைட் அடிக்கிற வீட்டுல எப்படிக் கேக்கறது?" அவள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நாள் முழுக்க இருட்டு ரூம்ல நின்னுட்டு, வர்றவங்க எல்லார்கிட்டயும் 'அசையாதீங்க'ன்னு சொல்றேன்பா. மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க. வீட்டுக்கு வந்தாலும் காதுல அதுதான் கேக்குது. இங்க வந்தாத்தான் அது போகுது. இந்த ஒரு பாட்டு இருக்கே, இதைப் போட்டா அந்த முட்டி உறை போட்ட அம்மா இருக்காங்களே, அவங்க காலை நான்தான் படம் எடுத்தேன், அவங்களே குதிப்பாங்க."

டார்ச்சின் மனசு வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.

"சரி, உன்னோடதுன்னே வெச்சுக்குவோம். பேரை ஏன் கழுவினீங்க? சொந்தச் சாமானுக்குப் பேரை எவனாவது அழிப்பானா?"

"மெதுவாப்பா." அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ள ஒரு உயரமான ஆளு இருக்கான். ஒட்டடைக்குச்சின்னு சொல்லுவோம். வேற ஒரு கூடத்துல பாட்டுப் போடறவன். இந்தத் தட்டோட பேரு தெரிஞ்சுக்கணும்னு அலையறான். போனைத் தூக்கிக் காட்டினா எந்தப் பாட்டுக்கும் பேரு வந்துடும், இதுக்கு வராது. அவ்வளவு அபூர்வம். பேரு தெரிஞ்சா எங்கயாவது தேடிப் பிடிச்சு அங்க போட்டுடுவான். தெரியாத வரைக்கும் இதைக் கேக்கணும்னா எல்லாரும் என்கிட்டதான் வரணும். மேல காகிதம் ஒட்டி வெச்சேன். போன தடவை கிழிச்சுப் பார்க்க வந்தான். அதான் ஊறவெச்சு எடுக்கச் சொன்னேன். இவர் கை நடுங்காது."

காலையிலிருந்து கேட்டதில் அறிவோடு சொன்ன வார்த்தை இதுதான் என்று டார்ச்சுக்குத் தோன்றியது.

"அது நியாயம்" என்றார்.

"நியாயந்தான். இப்ப பாருங்க." அவள் தட்டைக் கிடைமட்டமாகப் பிடித்துக் காட்டினாள். மதிய வெயிலில் கறுப்பின்மேல் மூன்று வெள்ளைப் புள்ளி பளிச்சென்று இருந்தது. "இனிமே அந்த இடத்துல குதிச்சுட்டேதான் இருக்கும். என்னிக்கும். இன்னிக்கு எப்படியோ தப்பிச்சேன். ஒவ்வொரு தடவையும் தப்ப முடியுமா?"

"மேலாகத் தேய்ச்சு எடுத்துடலாம். உப்புத்தாள் வெச்சு..."

"தொடாதீங்கப்பா!"

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். மன்னிப்பு என்பது அவருடைய முற்றத்தில் எந்தக் காலத்திலும் இருப்பு இல்லாத உதிரி. தொண்டையைச் செருமினார், கைத்தடியை இடம் மாற்றினார், படியில் கிடந்த பட்டாணி அளவு கல்லைச் செருப்பால் தள்ளிக் கீழே விழவைத்தார்.

கதவு திறந்தது. சத்தத்தோடு ஓர் ஆள் வந்தான். நிலைப்படிக்குக் குனிந்து வர வேண்டிய உயரம்.

"மேடம், பின்னிட்டீங்க! அந்த நிறுத்தி நிறுத்தி விட்டது இருக்கே, எப்படிப் போட்டீங்க? அந்தத் தட்டைக் கொஞ்சம் குடுங்களேன், சும்மா பார்த்துட்டு..."

கை நீண்டது. அந்தக் கைக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு வெளிச்சம் பாய்ந்து, அப்படியே ஏறி ஒட்டடைக்குச்சியின் கண்ணில் நின்றது.

"யாருப்பா நீ?"

"நான்... இல்லைங்க ஐயா, சும்மா..."

"சும்மான்னா என்ன? சும்மான்னா எதுக்குக் கையை நீட்டற? உன் பையில என்ன? திற, பார்க்கலாம்."

ஒட்டடைக்குச்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான். "யாரு மேடம் இவரு?"

"எங்கப்பா" என்றாள் மகள்.

"லைட்டை அணைக்கச் சொல்லுங்களேன்."

"நான் சொல்லிக் கேக்கற ஆள் இல்ல அவர்."

அவன் தலையைக் குனிந்து, வந்த வழியே உள்ளே போனான். டார்ச் கதவு முழுசாக மூடும் வரை வெளிச்சத்தை எடுக்கவில்லை. பிறகு அதை மகளின் கைக்குத் திருப்பினார். தட்டை அவள் பிடித்திருந்த விதத்தை அப்போதுதான் கவனித்தார். நடுத்துளைக்குப் பக்கத்தில் கோடெல்லாம் முடிகிற வழவழப்பில் ஏதோ எண் கீறியிருந்தது. அந்த எண்ணின்மேல் அவள் கட்டைவிரல் அழுந்தி இருந்தது. இவ்வளவு நேரமும் அப்பாவிடம் பேசியபோதும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"நம்பரை மறைச்சுப் பிடிச்சிருக்க."

"ஆமா. அதை வெச்சும் கண்டுபிடிச்சுடலாம்."

"என்கிட்டயுமா மறைச்ச?"

மகள் கட்டைவிரலை எடுக்கவில்லை. டார்ச்சுக்குச் சுருக்கென்று தைத்தது. கூடவே உள்ளே எங்கோ ஒரு மூலையில் லேசான பெருமையும் வந்தது. இப்படித்தான் பிடிக்க வேண்டும். அவரே பிடித்தாலும் இப்படித்தான் பிடித்திருப்பார்.

அவள் கதவு மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, அப்பாவின் காதோடு வாயை வைத்து, அந்தப் பாட்டின் பெயரைச் சொன்னாள். பாடினவளின் பெயரையும் சொன்னாள்.

"இப்ப அவருக்கும் எனக்கும் அடுத்து உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த வாரம் மறைஞ்சு வர வேண்டாம், என்கூடயே வாங்க. பெட்டி பக்கத்துல நாற்காலி போடறேன், உட்காருங்க. ஒரு பய கிட்ட வரமாட்டான்."

"உன் டும்டும்முக்கு நான் காவலா? பல்லு கழண்டு போச்சு எனக்கு. நான் வரல."

"அப்ப ஊசியையாவது குடுத்துட்டுப் போங்க."

"அது எதுக்கு உனக்கு?" என்று சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்.

மகள் அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவ்வளவுதான். கதவைத் திறந்துகொண்டு சத்தத்துக்குள் போய்விட்டாள்.

டார்ச் ஒவ்வொரு படியாக இறங்கினார். மணிக்கட்டில் இருந்த முத்திரையை எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. தெருவில் டயர் வாசனை அடித்தது. திரும்பிப் பார்த்தார். கறுப்புத் துணி மூடிய ஜன்னல்கள் டும்முக்கு ஒரு தடவை அதிர்ந்துகொண்டிருந்தன. பல்லுக்காரன் திருடன் இல்லை, இருக்கட்டும். ஆனால் ஒரு மனுஷன் பிறத்தியாள் பாட்டுக்குப் பொடி தூவி, பை தூக்கி, வாயைத் திறக்காமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறான் என்றால் அழுத்தக்காரன். அவனை இன்னும் கவனிக்க வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் நின்று, காதில் விழுந்த பெயரை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். வாயில் நுழையாத பெயர். இவ்வளவு காலம் பொத்தி வைத்த பெயரை, கேட்காமலே, நின்ற இடத்தில், காதில் ஊதிவிட்டாள். ஊதிவிட்டுச் சிரித்தாள் வேறு. தட்டைக் கெடுத்த ஆளிடம் யாராவது உண்மையான பெயரைச் சொல்வார்களா? நம்பரிலிருந்து விரலை எடுத்தாளா, இல்லையே! அவராக இருந்தால் வேறு ஏதாவது ஒரு பெயரைத்தான் சொல்லி அனுப்பியிருப்பார். அவள் அவர் மகள்.

பஸ் வந்தது. எங்கே போகிறது என்று கண்டக்டரைக் கேட்டார். கண்டக்டர் சொன்னார், சொல்லும்போது சிரித்தார். டார்ச் முன்பக்கம் போய்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏறாமல், கைத்தடியை ஊன்றி நடக்க ஆரம்பித்தார்.